நாணம் யாருக்கு? பழநி ஆண்டவன் முன்னால் நின்று ஒரு சிந்தனை

ஓம் சரவணபவ.

 வேலும் மயிலும் துணை.

இன்னிக்கு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கிட்டு கொஞ்ச நேரம் பேசலாம்னு இருக்கேன். அந்தச் சொல் நாணம். கூடவே அதன் உடன்பிறப்பு மாதிரி இருக்கிற அடக்கம். இரண்டையும் தினமும் பயன்படுத்துறோம். "அடக்கமான பொண்ணு", "நாணமே இல்லாத ஆளு" என்று சுலபமா சொல்லிட்டுப் போயிடுறோம். ஆனா இந்தச் சொற்களைப் பெரும்பாலும் அடுத்தவரை அளக்கத்தான் எடுக்கிறோம். நம்மை அளந்து பார்க்க எடுக்கிறதே இல்லை. கவனிச்சிருக்கீங்களா?

பொறுமையா கடைசி வரை படிங்க. கொஞ்சம் நீளம்தான். ஆனா இது நம்ம பக்தியோட அடிப்படையைத் தொடுற விஷயம்.

வள்ளுவர் மூன்று இடத்தில் வைத்தார்

முதல்ல நம்ம வீட்டுப் பெரியவர் வள்ளுவர்கிட்ட போவோம். திருக்குறளில் இந்தப் பண்பு ஒரே இடத்தில் இல்லை. மூன்று பாலிலும் மூன்று இடத்தில் இருக்கு.

அறத்துப்பாலில் 13-வது அதிகாரம், அடக்கமுடைமை. பொருட்பாலில் 102-வது அதிகாரம், நாணுடைமை. காமத்துப்பாலில் 114-வது அதிகாரம், நாணுத்துறவுரைத்தல்.

இதில் நாணுடைமை அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. அது காமத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில், நல்ல குடிமக்களின் பண்புகளைச் சொல்லும் பகுதியில் இருக்கு. எடுத்த எடுப்பிலேயே வள்ளுவர் ஒரு கோடு கிழிச்சுடுறார். தகாத செயலைச் செய்ய வெட்கப்படுவதே நாணம். பெண்களுக்குரியதாகச் சொல்லப்படும் நாணம் வேறு வகை. முதல் குறளின் கருத்தே இதுதான்.

அச்சம், நாணம், மடம் என்று பெண்ணுக்குச் சொன்னது தொல்காப்பியம். பிற்காலத்தில் பயிர்ப்பையும் சேர்த்து நாலாக்கினாங்க. அந்த நாணம் வள்ளுவருக்குத் தெரியாததில்லை. தெரிஞ்சுதான், "நான் இங்கே பேசுறது அதை இல்லை" என்று முதலிலேயே பிரிச்சு வச்சார். அவர் பேசுற நாணம் ஆண், பெண், ராஜா, கூலி எல்லாருக்கும் பொது.

இன்னொரு ஆச்சரியம் பாருங்க. காமத்துப்பாலில் நாணுத்துறவுரைத்தல் என்ற அதிகாரம் முக்கியமா யாரோட நாணத்தைப் பேசுது? ஆணோட நாணத்தை. காதலித்தவளைப் பெற வேறு வழி இல்லாம, பனைமட்டைக் குதிரையில் ஏறி ஊர் நடுவே வரத் துணியுறவன் பேசுறான். ஒரு காலத்தில் தனக்கு நாணமும் இருந்தது, ஆண்மையும் இருந்தது, இப்போ மடல்தான் மிச்சம் என்று வருந்துறான். ஆண்மைக்குப் பக்கத்திலேயே நாணத்தையும் வச்சு, இரண்டையும் ஒரு ஆம்பளையோட சொத்தாகக் கணக்கு வைக்கிறார் வள்ளுவர்.

இதை மனசில் வச்சுக்கோங்க. இனி விஷயத்துக்கு வர்றேன்.

ஒரு தங்கச்சியின் கேள்வி

நம்ம பதிவுகளைத் தொடர்ந்து படிக்கிற ஒரு கல்லூரி மாணவி சில நாளுக்கு முன்னால எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாங்க. விரதம் இருந்து, பாதயாத்திரையா நடந்து வந்து, பால்குடம் எடுத்த பிள்ளை. வெயிலுக்குக் குளிரத் தெருவோரத்தில் அடியார்கள் மேல தண்ணி ஊத்துவாங்க இல்லையா, அதில் நனைஞ்சு ஈரத் துணியோட நடந்திருக்காங்க. யாரோ ஒருத்தர் அதை மொபைலில் படம் பிடிச்சு, கீழே "இதுதான் பக்தியா?" என்று எழுதிப் போட்டுட்டார். அது பல குழுக்களுக்குப் போயிடுச்சு. கீழே கருத்து சொன்னவங்க பாதிப் பேரோட முகப்புப் படத்தில் வேல் இருக்கு.

அந்தத் தங்கச்சி கேட்டது ஒரே கேள்வி. "அண்ணா, நான் 48 நாள் விரதம் இருந்தது முருகனுக்குத் தெரியும். ஆனா இனிமே கோயிலுக்கு வரவே கூசுது. வெட்கப்பட வேண்டியது நானா?"

அன்னிக்கு ராத்திரியே, "நீ இல்லைம்மா" என்று இரண்டு சொல்லில் பதில் அனுப்பிட்டேன். ஆனா ஏன் இல்லை என்று விளக்கமா சொல்ல வேண்டிய கடன் இருக்கு. அது அவங்களுக்கு மட்டும் இல்லை, அந்தக் கருத்துகளை எழுதின தம்பிகளுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. அதுதான் இந்தப் பதிவு.

கண்ணுக்கும் நாணம் உண்டு

நாணம் என்றாலே உடுத்துறவங்க பொறுப்பு என்று நினைக்கிறோம். பார்க்கிற கண்ணுக்கு ஒரு பொறுப்பும் இல்லையா?

வள்ளுவர் பிறனில் விழையாமை அதிகாரத்தில், அடுத்தவன் மனைவியைத் தவறான எண்ணத்தோட பார்க்காம இருக்கிறதையே பேராண்மை என்கிறார். வேல் எறியறது, வாள் சுத்துறது எல்லாம் ஆண்மை என்றால், பார்வையை அடக்குறது அதைவிடப் பெரிய ஆண்மை.

இதை நம்ம நாட்டில் மட்டும்தான் சொன்னாங்களா என்றால் இல்லை. இஸ்லாத்தில் 'ஹயா' என்று ஒரு சொல் உண்டு. நாணம், கூச்சம், மனசாட்சி எல்லாம் கலந்த பொருள் அதுக்கு. திருக்குர்ஆனின் 24-வது அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளச் சொல்லும் கட்டளை வருது. அது யாருக்கு முதலில் சொல்லப்பட்டது தெரியுமா? ஆண்களுக்கு. அதற்கு அடுத்த வசனத்தில்தான் பெண்களுக்கு. பலரும் இரண்டாவதை மட்டும் பேசுவாங்க, முதலாவதை விட்டுடுவாங்க.

கிரேக்கர்களோட பழைய காவியம் ஒடிசி. அதில் ஒரு காட்சி. ட்ராய் போரில் பெரிய பேர் வாங்கின வீரன் ஒடிசியஸ். கடலில் தெப்பம் உடைஞ்சு, உடம்பில் ஒரு துணி கூட இல்லாம ஒரு தீவில் ஒதுங்கி, இலைக் குவியலுக்குள்ள தூங்கிட்டு இருக்கான். அந்த நாட்டு இளவரசி நௌசிகா தோழிகளோட ஆத்தங்கரைக்குத் துணி துவைக்க வந்தவ, பந்து விளையாடுறா. பந்து தண்ணியில் விழ, பெண்கள் கூச்சல் போட, இவன் விழிச்சுக்கிறான். ஒரு கிளையை ஒடிச்சு உடம்பை மறைச்சுக்கிட்டு வெளியே வர்றான். தோழிகள் ஓடிடுறாங்க. இளவரசி மட்டும் நிக்கிறா.

இப்போ இரண்டு பேர் நாணத்தையும் பாருங்க. அவன் கிட்டே போய் அவ காலைக் கட்டிக்கிட்டுக் கெஞ்சலாமா என்று யோசிச்சு, அந்தப் பெண் தப்பா நினைச்சுடக் கூடாதுன்னு தூரத்தில் நின்னே பேசுறான். குளிக்கப் போகும்போது, இளம்பெண்கள் முன்னால உடம்பைக் காட்ட எனக்கு வெட்கமா இருக்கு, நீங்க தள்ளி நில்லுங்க என்கிறான். போர்க்களம் கண்ட வீரன் சொல்றான் இதை! அவளோ, நிலைகுலைஞ்சு நிக்கிற ஒருத்தனைப் பார்த்துச் சிரிக்கலை. உடுத்தத் துணி, பூச எண்ணெய், சாப்பிடச் சாப்பாடு என்று கொடுக்கச் சொல்றா.

இதுதான் நான் சொல்ல வர்றது. ஒருத்தர் உடம்பு எதிர்பாராம வெளிப்பட்டு நிக்கும்போது, நாணம் உள்ளவங்க கை துணியை எடுக்கும். நாணம் இல்லாதவங்க கை மொபைலை எடுக்கும். வேற என்ன விளக்கம் வேணும்?

துணியை வச்சு அளக்க முடியுமா?

"அதெல்லாம் சரிங்க, கோயிலுக்குன்னு ஒரு உடை ஒழுக்கம் வேண்டாமா?" என்று கேப்பீங்க. வேணும். இடத்துக்கேத்த உடை ஒரு மரியாதை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா துணி என்பது நாணத்தோட அடையாளம் மட்டும்தான். துணியே நாணம் ஆகிடாது. அந்த அடையாளம் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் தலைகீழாகவே மாறும்.

திருச்செந்தூர் போயிருக்கீங்களா? ஆண்கள் சட்டையைக் கழட்டிட்டுத்தான் செந்திலாண்டவன் சந்நிதிக்குப் போகணும். அங்கே திறந்த மார்புதான் பணிவு.

அங்கிருந்து தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் வாங்க. சாமித்தோப்பில் ஐயா வைகுண்டர் பதிக்குள்ள போற ஆண்கள் மேல்சட்டை இல்லாம, தலையில் தலைப்பாகை கட்டிக்கிட்டுப் போவாங்க. ஏன் தலைப்பாகை? தலைப்பாகை கட்டவும், தோளில் துண்டு போடவும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களைப் பார்த்து, "நிமிர்ந்து நில்லு, தலைப்பாகை கட்டு" என்று சொன்னவர் அவர். அங்கே கட்டின தலைப்பாகைதான் பக்தி.

அதே மண்ணில் நடந்த இன்னொரு வரலாறு உங்களில் பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். தோள்சீலைப் போராட்டம். அன்றைய தென் திருவிதாங்கூரில், மார்பைத் திறந்து வைப்பது உயர்ந்த இடத்தில் இருக்கிறவங்களுக்குக் காட்டும் மரியாதை என்று வழக்கம் இருந்தது. அதனால நாடார் உள்ளிட்ட சமூகங்களின் பெண்கள் மேலாடை போட்டு மறைக்கக் கூடாது என்று தடுத்தாங்க. மறைச்ச பெண்கள் தெருவில், சந்தையில் தாக்கப்பட்டாங்க, துணி கிழிக்கப்பட்டது. 1820-களில் வெடிச்ச போராட்டம், பல ஆண்டு கலவரங்களுக்குப் பிறகு, 1859-ல் திருவிதாங்கூர் அரசரின் பிரகடனத்தில் வந்து நின்னது. அதிலும் முழு உரிமை இல்லை. மார்பை மறைச்சுக்கலாம், ஆனா மேல்சாதிப் பெண்கள் உடுத்துற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடதான் கொடுத்தாங்க.

கொஞ்சம் நிதானமா யோசிங்க. ஒரு காலத்தில் "ஏன் மறைச்சே?" என்று கேட்டு ஒரு பெண்ணை அவமானப்படுத்தினாங்க. இன்னிக்கு "ஏன் மறைக்கலை?" என்று கேட்டு அவமானப்படுத்துறாங்க. கேள்வி மாறியிருக்கு. அவ உடம்புக்கு நான்தான் காவல்காரன் என்கிற திமிர் மட்டும் அப்படியே இருக்கு. அடங்குவது வேறு, அடக்குவது வேறு. தானா அடங்கினா அது பண்பு. அடுத்தவர் அடக்கினா அது அடக்குமுறை. அடக்கம் என்ற பேரில் அடக்குமுறை உள்ளே வந்தா, அதை நாம அடையாளம் கண்டுக்கணும்.

இப்போ நம்ம பழநிக்கு வாங்க. மலை மேல நிக்கிறான் தண்டாயுதபாணி. காலையில் ஆண்டிக்கோலம். இடுப்பில் கோவணம், கையில் தண்டு, அவ்வளவுதான். சாயங்காலம் ராஜ அலங்காரம். கிரீடம், பட்டு, நகை. எந்தக் கோலத்தில் அவன் தெய்வம்? இரண்டிலும்தான். கோவணத்தில் நின்னதால அவன் குறைஞ்சும் போகலை, பட்டு கட்டினதால கூடியும் போகலை. ஆண்டிக்கோலத்தைப் பார்க்கும்போது நம்ம கண் கலங்குதே தவிர, ஒருத்தருக்காவது விகாரமா தோணியிருக்கா? ஏன்னா அங்கே நாம பக்தியோட பார்க்கிறோம். அந்தப் பார்வையை மலை இறங்கும்போது படியிலேயே விட்டுட்டு வந்துடுறோம். அங்கேதான் சிக்கல்.

அதே மலையடிவாரத்தில் முடி காணிக்கை கொடுக்கிற பெண்களைப் பாருங்க. ஆசை ஆசையா வளர்த்த கூந்தலை, அழகு என்று உலகம் சொல்றதை, முருகனுக்குன்னு இறக்கி வச்சுட்டு மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கிட்டு நடக்கிறாங்க. நான் அழகா தெரியணும் என்ற எண்ணத்தையே கழட்டி வச்சுட்ட நடை அது. இதைவிட அடக்கம் என்ன இருக்கு?

எல்லாருக்கும் கொடு

சரி, துணி இல்லை என்றால் நாணம் எங்கே இருக்கு?

கிரேக்க மொழியில் 'அய்டோஸ்' என்று ஒரு சொல். நம்ம நாணம் மாதிரியே வெட்கம், மரியாதை, பிறர் மேல் வைக்கும் மதிப்பு எல்லாம் சேர்ந்த சொல். பிளேட்டோ எழுதின புரோட்டகோரஸ் என்ற நூலில் இதைப் பற்றி ஒரு கதை வருது. ஆதியில் மனுசங்க ஒண்ணா கூடி வாழப் பார்த்தாங்க. ஆனா ஒருத்தரை ஒருத்தர் துன்புறுத்திக்கிட்டு மறுபடியும் சிதறிப் போனாங்க. இப்படியே போனா இந்த இனமே அழிஞ்சிடும் என்று தேவர் தலைவன் ஸீயஸ், தன் தூதன் ஹெர்மீஸ் கையில் இரண்டு பொருளைக் கொடுத்து அனுப்பினான். ஒண்ணு நாணம், இன்னொண்ணு நீதி.

தூதன் கேட்டானாம். "வைத்தியம் மாதிரி ஆயிரம் பேரில் ஒருத்தருக்குக் கொடுத்தா போதுமா, இல்லை எல்லாருக்கும் பங்கு வைக்கணுமா?" ஸீயஸ், எல்லாருக்கும் கொடு, சில பேருக்கு மட்டும் இருந்தா ஊர் நிலைக்காது என்று சொல்லி அனுப்பினான்.

எவ்வளவு ஆழமான கதை பாருங்க. வைத்தியர் ஊருக்கு ஒருத்தர் போதும். நாணம் அப்படி இல்லை. பெண்களுக்கு மட்டும், சின்னவங்களுக்கு மட்டும், ஏழைகளுக்கு மட்டும் என்று ஒப்படைச்சுட்டு மத்தவங்க கை கழுவிட முடியாது. அப்படிச் செஞ்சா ஊர் நிலைக்காது.

பௌத்தத்தில் இதை இரண்டு காவல்காரங்களா சொல்றாங்க. பாலி மொழியில் 'ஹிரி', 'ஒத்தப்பா'. ஹிரி என்றால் தப்பு செய்ய உள்ளுக்குள்ளே வர்ற கூச்சம். ஒத்தப்பா என்றால் அந்தத் தப்பின் விளைவை நினைச்சு வர்ற அச்சம். இந்த இரண்டும்தான் உலகத்தைக் காக்குது என்பது புத்தரின் உபதேசம். இரண்டு காவலும் யாரைக் காவல் காக்குது? என்னை, நான் தப்புப் பண்ணாம காக்குது. அடுத்தவரைக் காவல் காக்கிறது அதோட வேலையே இல்லை.

சூரனைத் தடுத்தது எது?

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொல்லணும். நாணம் மாதிரியே வேஷம் போட்டு வர்ற ஒண்ணு இருக்கு. அது வீம்பான மானம். "நாலு பேர் என்ன நினைப்பாங்க", "என் கௌரவம் என்னாகுறது" என்கிற அது.

கச்சியப்ப சிவாச்சாரியார் பாடின கந்தபுராணத்தில் என் மனசை ரொம்ப உலுக்கின இடம் சூரசம்ஹாரத்தின் கடைசிக் கட்டம்தான். முருகப்பெருமான் சூரனுக்குத் தன் விசுவரூபத்தைக் காட்டுறார். அந்த ஒரு கணத்தில் சூரனுக்குக் கண் திறக்குது. இந்தப் பெருமானைச் சுற்றி வரணும், கைகூப்பணும், தலை வணங்கணும், தீமையை விட்டுட்டு இவனுக்கு அடிமையா வாழணும் என்று அவனுக்கே தோணுது. அவன் உடம்பின் ஒவ்வொரு அங்கமும் தயாரா இருக்கு. ஆனா செய்யலை. ஏன்? மானம் ஒண்ணு மட்டும் வந்து நெஞ்சைத் தடுத்ததாம்.

இவ்வளவு தூரம் சண்டை போட்டுட்டு இப்போ வணங்கினா என்னைப் பற்றி என்ன நினைப்பாங்க? அந்த ஒரு நினைப்பு. பெருமான் அந்த வடிவத்தை மறைச்சதும் பழைய சூரனே திரும்பி வந்துட்டான்.

நாணம் இருந்திருந்தா, நான் செஞ்சது தப்பு என்று தன் செயலைப் பார்த்து வெட்கப்பட்டு வணங்கியிருப்பான். மானம் இருந்ததால, தப்பு என்று ஒத்துக்கிறதுக்கு வெட்கப்பட்டான். நாணம் செயலைப் பார்க்கும். வீம்பான மானம் கூட்டத்தைப் பார்க்கும். இணையத்தில் ஒரு தப்பான கருத்தைப் போட்டுட்டு, தப்புன்னு தெரிஞ்ச பிறகும் அழிக்க மனசு வராம, மேல மேல வாதாடிக்கிட்டே போறோமே, அது சூரன் நின்ன இடம்தான்.

அப்படிப்பட்ட சூரனையும் பெருமான் என்ன செஞ்சார்? மயிலாகவும் சேவலாகவும் ஆக்கி, ஒண்ணைக் காலுக்குக் கீழே வாகனமாகவும், இன்னொண்ணைக் கொடியிலும் வச்சுக்கிட்டார். வணங்க மறுத்தவனைக் கூடத் தூக்கி எறியலை. தன்னோடவே வச்சுக்கிட்டார்.

தாங்கிப் பிடித்த கை

அருணகிரிநாதர் கதை உங்களுக்குத் தெரியும். வழிவழியா சொல்ற வரலாறு இது. இளமையில் தவறான வழியில் போய், சொத்தும் சுகமும் இழந்து, நோயும் வந்து, கூடப்பிறந்தவளுக்கும் பாரமாகி, வெட்கம் தாங்க முடியாம திருவண்ணாமலை கோபுரத்தில் ஏறி விழுந்தார். கீழே விழுறதுக்கு முன்னால முருகன் கை அவரைத் தாங்கிக்கிச்சு. அதுக்கப்புறம்தான் திருப்புகழ்.

இந்தக் கதையில் ஊர்க்காரங்களை யாராவது நினைச்சுப் பார்த்திருக்கீங்களா? அவரைப் பார்த்துச் சிரிச்சிருப்பாங்க. "வெட்கம் கெட்டவன்" என்று சொல்லியிருப்பாங்க. அவங்க சொன்னதில் பாதி உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனா அவங்க பேர் ஒண்ணு கூட இன்னிக்கு இல்லை. தாங்கிப் பிடிச்சவன் பேர் இருக்கு. தாங்கப்பட்டவர் பாட்டு இருக்கு.

உண்மையான நாணம் ஒருத்தரைத் திருத்தும், வாழ வைக்கும். அடுத்தவர் மேல வீசுற அவமானம் ஒருத்தரைக் கோபுரத்து உச்சிக்குத் தள்ளும். நாம முருகனடியார் என்று சொல்லிக்கிறோமே, நம்ம கை எந்தக் கை? தள்ளுற கையா, தாங்குற கையா? தப்பே செஞ்சவரைக் கூட அவன் தாங்கினான் என்றால், ஒரு தப்பும் செய்யாம பால்குடம் சுமந்து வந்த பிள்ளையை நாம எங்கே தள்ளிக்கிட்டு இருக்கோம்?

இதைப் படிக்கிறவங்களில் யாராவது அப்படி ஒரு அவமானத்தில் இப்போ இருந்தீங்கன்னா, தயவுசெஞ்சு தனியா இருக்காதீங்க. அம்மாகிட்டயோ, அக்காகிட்டயோ, நம்பிக்கையான ஒரு நண்பர்கிட்டயோ இன்னிக்கே பேசுங்க. அனுமதி இல்லாம உங்களைப் படம் பிடிச்சுப் பரப்பினா புகார் கொடுக்கிற உரிமை உங்களுக்கு உண்டு. அதைப் பயன்படுத்துறது அடக்கக் குறைவு ஆகவே ஆகாது.

குனிந்த தெய்வம்

கடைசியா அடக்கத்துக்கு வர்றேன். அடக்கம் என்றால் சின்னவங்க பெரியவங்களுக்குக் காட்டுறது என்று நினைச்சுக்கிட்டு இருக்கோம். சுவாமிமலை அந்தக் கணக்கைக் கவிழ்த்துப் போடுது.

பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மனைச் சிறையில் வச்சான் பாலமுருகன். சிவபெருமான் வந்து, "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும், ஆனா கேட்கிற முறையில் கேட்டால் சொல்வேன் என்றான் பிள்ளை. அண்டத்துக்கே தலைவன், பெத்த பிள்ளைக்கு முன்னால சீடனாகி, பணிஞ்சு நின்னு காது கொடுத்தார். அதனாலதான் அவன் தகப்பன்சாமி. தமிழ் வருடங்களின் பேரைத் தாங்கின அந்த 60 படியிலும் ஏறும்போது ஒண்ணை நினைச்சுக்கோங்க. இது பிள்ளை ஜெயிச்ச மலை மட்டும் இல்லை, அப்பா பணிஞ்ச மலை.

அந்தப் பிள்ளையும் சளைச்சவன் இல்லை. தேவசேனாபதி, தினைப்புனம் காத்த வேட்டுவப் பெண் வள்ளியைத் தேடிப் போய், அவ காலில் பணிஞ்சான் என்று அருணகிரிநாதரே பாடியிருக்கார். வள்ளியோட நாணத்தையும் பாருங்க. வேடனா வந்தவனையும் கிழவனா வந்தவனையும் துணிச்சலா மறுத்துப் பேசினவ அவ. பயந்து ஒடுங்குறது நாணம் இல்லை. தனக்கு எது தகும், எது தகாது என்று தெளிவா இருக்கிறதுதான் நாணம்.

ஜப்பானில் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் நோ ரிக்கியூ என்ற தேநீர்க் குரு ஒரு வழக்கத்தை நிலைக்க வச்சார். தேநீர் அறைக்கு வாசல் ரொம்பச் சின்னது. சுமார் இரண்டடி சதுரம்தான் இருக்கும். குனிஞ்சு, மண்டியிட்டுத்தான் உள்ளே போக முடியும். சாமுராய் வந்தாலும் வாளை வெளியே வச்சுட்டுத்தான் நுழையணும். உள்ளே போனதும் பிரபு, வியாபாரி எல்லாரும் சமம். நம்ம ஊர்ப் பழைய வீடுகளின் தாழ்ந்த நிலைப்படியும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தது. நிமிர்ந்து வந்தா தலையில் இடிக்கும்!

நாம் என்ன செய்யலாம்?

நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் ஒரு பொம்மையைக் காட்டுறார். உள்ளே நாணம் இல்லாதவங்க நடமாடுறது, நாண் கட்டி ஆட்டுற மரப்பாவைக்கு உயிர் இருக்கிற மாதிரித் தெரியுறது போலத்தானாம். நாண் என்றால் நாணம், நாண் என்றால் கயிறு. உள்ளே நாண் இல்லாதவனை வெளியே இருக்கிற நாண் ஆட்டும். இன்னிக்கு அந்தக் கயிறுக்கு லைக், வியூஸ், ஷேர் என்று பேர் வச்சிருக்கோம்.

அதனால தம்பிகளே, தங்கைகளே, இந்தச் சஷ்டியில் இருந்து நாம சேர்ந்து ஒரு விரதம் எடுப்போம். சாப்பாட்டு விரதத்தோட இதையும் சேர்த்துக்குவோம்.

ஒண்ணு. கோயிலில், பாதயாத்திரையில், யாரையும் அவங்க அனுமதி இல்லாம படம் எடுக்க மாட்டேன். யாராவது எடுத்தது என் கைக்கு வந்தா, அது என்னோடவே நிக்கும். அடுத்தவருக்குப் போகாது.

இரண்டு. இன்னொருத்தர் பக்தியை, உடையை, விரதத்தை அளந்து கருத்து எழுத மாட்டேன். சொல்லியே ஆகணும் என்றால், தனியா, அன்பா, வீட்டுப் பிள்ளைகிட்ட சொல்ற மாதிரி சொல்வேன்.

மூணு. என் காவடியை, என் அலகை, என் அன்னதானத்தைப் பதிவு போடுறதுக்கு முன்னால ஒரு நிமிசம் நிப்பேன். இது முருகனைக் காட்டுதா, என்னைக் காட்டுதா என்று கேட்டுக்குவேன்.

நாலு. தப்பா ஒண்ணு எழுதிட்டேன் என்று தெரிஞ்சா, சூரனைப் போல மானம் பார்க்க மாட்டேன். அழிச்சுடுவேன். மன்னிப்பும் கேட்பேன்.

நாலும் சின்ன விஷயம்தான். ஆனா செஞ்சு பாருங்க, அலகு குத்துறதைவிடக் கஷ்டமா இருக்கும்.

செந்திலாண்டவா, எங்கள் கண்ணுக்கு நாணத்தைக் கொடு. எங்கள் நாவுக்கு அடக்கத்தைக் கொடு. விழுகிறவரைத் தாங்கும் உன் கையில் ஒரு விரலாக எங்களை வைத்துக்கொள்.

படித்தவர்கள், தேவைப்படும் ஒருவருக்கு இதை அனுப்பி வையுங்கள்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!